பக்கத்தில் அமர்ந்தவர்களின் ஊர்

இசைக்குப் பேர்போன நகரம் என்றதும் ஒரு தெருவோ ஒரு பருவமோ நினைவுக்கு வருகிறது. நியூ ஆர்லியன்ஸுக்கு பிரெஞ்ச்மென் தெரு. டெக்சாஸின் ஆஸ்டின் 1991-ல் தன்னை உலகின் நேரடி இசைத் தலைநகர் என்று தானே அறிவித்துக்கொண்டது. சென்னைக்கு மார்கழி இருக்கிறது, போதாதென்று 2017-ல் யுனெஸ்கோவும் தன் இசை நகரங்களின் பட்டியலில் அதைச் சேர்த்துக்கொண்டது. புதுக்கோட்டைக்கு அப்படிப் பட்டம் எதுவும் இல்லை. பேருந்து நிலையத்தில் இறங்கி, "இன்னிக்குக் கச்சேரி எங்கே?" என்று கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆனால் மிருதங்கம் வாசிக்கிற யாரிடமாவது இந்த ஊரின் பெயரைச் சொல்லிப் பாருங்கள், ஒரு மரியாதை முகத்தில் வந்துபோகும். லய உலகில் தஞ்சாவூர் ஒரு வழி என்றால் புதுக்கோட்டை ஒரு வழி.

தொண்டைமான்கள் ஆண்ட தனி சமஸ்தானம் இது. 1948 மார்ச் 3-ல்தான் இந்தியாவோடு இணைந்தது, 1974-ல் தனி மாவட்டமானது. நூல் பிடித்தாற்போன்ற ராஜவீதிகளில் நடக்கும்போது அந்த அரசின் சாயல் இன்னும் கொஞ்சம் தட்டுப்படுகிறது.

இந்த வட்டாரத்தில் சுற்றியபோது எழுதிவைத்தவைதான் இந்தக் குறிப்புகள். வரிசைப்படுத்தியபோது ஒன்று கண்ணில் பட்டது. மேடையின் நடுவில் உட்கார்ந்து பாடுகிறவர் இவற்றில் அநேகமாக வரவேயில்லை. ஓரத்தில் இருப்பவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள். அதனால் வரிசையை மாற்றாமல் விட்டுவிட்டேன்.

*

குடுமியான்மலை. ஊரிலிருந்து மேற்கே இருபது கிலோமீட்டர். பழைய பெயர் திருநலக்குன்றம். சிகாநாதர் கோயிலின் முன்மண்டபத்தில் நாயக்கர் காலச் சிற்பங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. வருகிறவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், நின்றாலும் தப்பில்லை. நான் தேடி வந்தது இன்னும் உள்ளே, மேலைக்கோயில் என்கிற குடைவரையை ஒட்டிய பாறைச் சரிவில் வெட்டிய இசைக் கல்வெட்டு.

ஏறக்குறைய 13 அடிக்கு 14 அடி. மனிதர் ஒருவர் இரண்டு கையையும் விரித்து நின்றால் அதன் அகலத்தில் பாதியைக்கூட மறைக்க முடியாது. பல்லவ கிரந்த எழுத்து, மொழி சமஸ்கிருதம். சிவனை வணங்கித் தொடங்குகிறது. அப்புறம் மத்யமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம் என்று ஏழு பகுதிகள். ஒவ்வொன்றிலும் வரி வரியாகச் சுரங்கள், நான்கு நான்காகச் சேர்த்து எழுதப்பட்டவை. சுரத்தின் எழுத்து ஒரே மாதிரி இல்லை. ர, ரி, ரு, ரெ என்று உயிர் மாறி மாறி வருகிறது, சில எழுத்துகளின் மேல் புள்ளி இருக்கிறது. இந்த உயிர்மாற்றம் சுருதி நுட்பத்தைக் குறிக்கிறது என்று ஒரு தரப்பு, வீணையில் விரல் வைக்கும் முறையைக் குறிக்கிறது என்று இன்னொரு தரப்பு. பண்டார்கர் இதைப் படித்து 'எபிகிராபியா இண்டிகா'வின் 12-ஆம் தொகுதியில் வெளியிட்டு நூறாண்டுக்கு மேலாகிறது. தகராறு தீரவில்லை.

முதலாம் மகேந்திரவர்மன் வெட்டியது என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். இப்போது அதையும் பலர் ஒப்புவதில்லை. கல்வெட்டு தருகிற விவரம் கொஞ்சம்தான். பரமமாகேசுவரனான ஓர் அரசன், ருத்ராசாரியர் என்பவரின் சீடன், மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தான்.

இந்தக் கடைசிச் சொல் என்னை அங்கே கட்டிப்போட்டது. அரசர்கள் பாறையில் என்னவெல்லாம் வெட்டுவார்கள் என்று நமக்குத் தெரியும். வென்ற நாடு, கொடுத்த நிலம், விட்ட விளக்கு, கொடுத்ததைக் கெடுப்பவனுக்குச் சாபம். இவன் பாடப்புத்தகத்தை வெட்டியிருக்கிறான். சாகித்தியம் இல்லை. தாளம் இன்னதென்ற குறிப்பும் இல்லை. மேடையில் பாடிக் கைதட்டு வாங்குவதற்கான உருப்படி இதில் ஒன்றுகூடக் கிடையாது. விடிகாலையில் உட்கார்ந்து கை வலிக்கும்வரை வாசிக்க வேண்டிய பாடம் இது. கீழே தமிழில் ஒரு குறிப்பு, எட்டுக்கும் ஏழுக்கும் இவை பொருந்தும் என்கிற பொருளில். எட்டு நரம்பும் ஏழு நரம்பும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எந்த வாத்தியக்காரன் வந்து கேட்டு, யார் தமிழில் எழுதச் சொன்னார்களோ.

கோயிலில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் கூடவே நின்றார். "பாட்டுக்காரங்க வருவாங்க அய்யா. வந்து மெதுவா முணுமுணுத்துப் பாப்பாங்க. ரெண்டு வரிக்கு மேல போக மாட்டாங்க" என்றார்.

ஏன் போவதில்லை என்று பிறகு யோசித்தேன். சுரம் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது இல்லை. அதைச் சொல்லிக்கொடுத்தவர் கூட இருந்தவரை எழுத வேண்டியிருக்கவில்லை.

*

அதே பாறையில் பிள்ளையார் உருவத்தின் பக்கம் 'பரிவாதினி' என்று ஒரு சொல். ஏழு நரம்பு வீணையின் பெயர். நச்சாந்துபட்டிக்குப் பக்கத்து மலையக்கோயிலிலும் இதே பெயர் கல்லில் இருக்கிறது, குணசேனன் என்ற பெயரோடு. திருமயம் சத்தியகிரீசுவரர் குடைவரையில் இருந்த இசைக் கல்வெட்டு பெரும்பாலும் அழிந்துவிட்டது. காலம் அழிக்கவில்லை, உளி அழித்தது. சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் நெடுநாளாக இருந்த வழக்கை 13-ஆம் நூற்றாண்டில் போசளத் தண்டநாயகன் அப்பண்ணன் முன்னால் பேசித் தீர்த்தார்கள். தீர்ப்பை எழுத இடம் வேண்டியிருந்தது.

தீர்ப்பு இப்போதும் இருக்கிறது. அங்கே நின்றபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. நியாயமான சமாதானம்தான், இரண்டு கோயிலும் இன்றுவரை அடுத்தடுத்து இருக்கின்றன. பாட்டைச் செதுக்கி எடுத்த இடத்தில் சமாதானத்தை எழுதியிருக்கிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

*

மான்பூண்டியா பிள்ளை. இந்தப் பெயரைச் சுற்றித்தான் புதுக்கோட்டை வழி என்பதே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுந்தவர். கோயிலில் சாமி புறப்பாட்டுக்கு விளக்குப் பிடித்துப் போனவர் என்று சொல்வார்கள். விளக்குப் பிடிக்கிறவன் எங்கே நிற்பான்? மேளத்துக்குப் பக்கத்தில். தவில் போகிற போக்கு முழுவதும் அந்தக் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கும். பின்னால் மாரியப்பத் தவில்காரரிடம் முறையாகக் கற்றார். அதனால் புதுக்கோட்டை லயத்தின் அடியில் தவில் ஓடுகிறது. வீதியில் நின்று, நடந்து, மணிக்கணக்கில் வாசிக்கிற வாத்தியத்தின் கணக்கு இது. சங்கீத அறையில் பிறந்ததில்லை.

அவர் கையில் எடுத்தது கஞ்சிரா. பலாமரத்தில் கடைந்த சிறு வளையம், ஏழெட்டு அங்குலம். ஒரு பக்கம் உடும்புத் தோல், மறுபக்கம் திறப்பு. வளையத்தில் ஒரே ஒரு பிளவு, அதில் ஓரிரண்டு காசுகள். பஜனைக்குத் தாளம் தட்டுகிற கருவி என்றுதான் அதுவரை அதற்குப் பெயர். மிருதங்கத்துக்கு இருப்பதுபோல் சுருதிக்கு நிற்கிற கரணை இல்லை, இடது பக்கம் என்று ஒன்று இல்லை. வலது கை விரல்கள் வாசிக்க வேண்டும், பிடித்திருக்கிற இடது கை விளிம்பை அழுத்தித் தோலின் இழுவையை மாற்ற வேண்டும். அப்போதுதான் கும்காரம் எழும். வாசிப்பதற்கு முன் உட்புறம் தண்ணீர் தெளிப்பார்கள். தெளித்தால் நாதம் இறங்கும், காய்ந்தால் ஏறும். கச்சேரி முழுக்க அந்தத் தோலோடு ஒரு பேச்சுவார்த்தை நடந்துகொண்டே இருக்கும். சென்னையில் குளிரூட்டிய அரங்கில் கஞ்சிரா வித்வான் பக்கத்தில் வைத்திருக்கும் சின்னத் தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்தால் புரியும். உடும்பு இப்போது வனவிலங்குச் சட்டத்தின் காவலில் இருக்கிறது. ஆட்டுத்தோலிலும் செயற்கைத் தோலிலும் கஞ்சிரா செய்கிறார்கள். பழைய கைகள் குறைப்பட்டுக்கொள்ளும், உடும்பு குறைப்பட்டுக்கொள்ளாது.

இந்த ஒரு சாண் வளையத்தை எடுத்துக்கொண்டு மான்பூண்டியா பிள்ளை தஞ்சாவூர் நாராயணசாமி அப்பா முன்னால் போய் உட்கார்ந்தார். அப்பா அன்றைய மிருதங்கத்தின் உச்சி. அந்தச் சந்திப்பைப் பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள், எல்லாக் கதையும் அப்பா மனம்விட்டுப் பாராட்டியதில்தான் முடிகிறது. கச்சேரி மேடையில் கஞ்சிராவுக்கு ஓர் இடம் வந்தது அதற்குப் பிறகு.

எனக்கு இதில் பிடித்த செய்தி வேறு. மேடைக்கு வர நினைத்த ஒருவர் நடு இடத்தைக் கேட்கவில்லை. பக்கவாத்தியத்துக்கும் பக்கத்தில், உபபக்கவாத்தியம் என்று ஓர் இடத்தை உண்டாக்கி அதில் உட்கார்ந்தார். அங்கிருந்துகொண்டு எல்லோருடைய கணக்கையும் மாற்றினார்.

*

அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை (1875–1936). மிருதங்கம், கஞ்சிரா இரண்டும். முருக பக்தர், துறவிபோல வாழ்ந்தவர் என்பார்கள். அந்தக் காலத்துப் பெரிய பாடகர்கள் எல்லோருக்கும் பக்கத்தில் இருந்திருக்கிறார். ஒலிப்பதிவில் பிடிபடாமல் போன வாசிப்புகளைப் பற்றிப் படிப்பது விசித்திரமான அனுபவம். புகழ்ச்சி மட்டும் நம் கைக்கு வருகிறது, புகழப்பட்டது வருவதில்லை. குடுமியான்மலையில் எழுத்து இருந்தது, வாசிப்பு இல்லை. இங்கே வாசிப்பு இருந்தது, எழுத்து இல்லை. ஆனால் தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் கை ஒருவிதத்தில் நமக்கு வந்து சேர்ந்தது, மாணவர்களின் கையாக.

திருக்கோகர்ணத்து ரங்கநாயகி அம்மாள் அந்த மாணவர்களில் ஒருவர். நட்டுவனார் வீட்டுப் பெண். பெண்கள் மிருதங்கத்தைத் தொடுவதே அபூர்வமாக இருந்த நாளில் மேடையில் உட்கார்ந்து வாசித்தார்.

*

பழனி சுப்ரமணிய பிள்ளை (1908–1962) மிருதங்க வித்வான், இடது கைக்காரர். அப்பா முத்தையா பிள்ளை மான்பூண்டியா பிள்ளையிடம் கற்றவர். மகனுக்குத் தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் பாடம்.

இடது கைக்காரராக இருந்தால் என்ன, என்று கேட்கலாம். மேடையில் உட்காரும் முறை தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். பாடகருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். மிருதங்கத்தின் வலந்தலை, கரணை இருக்கும் பக்கம், சபையைப் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் சொல்லெல்லாம் தெளிவாகக் கேட்கும். இடது கைக்காரர் வாத்தியத்தைத் திருப்பி வைத்துக்கொள்வார். வலந்தலை சபையைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் பாடகரின் மறுபக்கம் உட்கார வேண்டும். வயலின்காரர் எழுந்து இடம் மாற வேண்டும், மாறினால் வயலினின் முகம் சபைக்கு மறைந்துவிடும். சிலர் மாட்டேன் என்றார்கள். வாய்ப்புகள் போயின. செம்பை வைத்தியநாத பாகவதர் போன்ற ஒரு பாடகர் இவர்தான் வேண்டும் என்று உறுதியாக நின்றதால் மேடை அவருக்குப் பழகியது.

உட்காரும் இடம் இவ்வளவு பெரிய விஷயமா என்று யோசித்துக்கொண்டே ஒரு பழைய கச்சேரிப் பதிவைக் கேட்டேன். இடமா வலமா என்று எதுவும் கேட்கவில்லை. வலந்தலைக்கு மறுபக்கமான தொப்பியின் கும்கி மட்டும், பாட்டு மூச்சு வாங்குகிற இடங்களில் வந்து நிரம்பியது. அவர் எங்கெல்லாம் வாசிக்காமல் விட்டார் என்று கவனிக்கத் தொடங்கினால் அந்தப் பதிவு வேறொன்றாகிவிடுகிறது. விட்ட இடத்தில் பாடகர் தைரியமாக நடக்கிறார். வாசிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர், விடத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர் என்று என் காதுக்குப் படுகிறது. என் காது ஒன்றும் பெரிய காதில்லை.

*

திருக்கோகர்ணம் இப்போது ஊரோடு சேர்ந்துவிட்டது. பிரகதாம்பாள் கோயில், அரைக்காசு அம்மன் என்றால் எல்லோருக்கும் தெரியும். நவராத்திரியில் சமஸ்தானம் கொடுத்த அம்மன் காசினால் வந்த பேர். பக்கத்தில் 1910-ல் தொடங்கிய அருங்காட்சியகம்.

இந்த அரசுக்கும் ஒரு மௌனத்துக்கும் உறவு உண்டு. சதாசிவ பிரம்மேந்திரர் பேச்சை விட்டவர். திருவரங்குளத்துக் காட்டில் அவரைச் சந்தித்த விஜயரகுநாதத் தொண்டைமானுக்கு, 1738-ல் என்கிறார்கள், மணலில் விரலால் எழுதித்தான் உபதேசம் செய்தார். அந்த மணலை அரசர் அள்ளிக்கொண்டு வந்து அரண்மனையில் வைத்துப் பூசித்தார். பேசாதவர் இயற்றிய கீர்த்தனைகளைத்தான் கச்சேரியில் இன்றும் பாடுகிறோம். பேச்சை விடச் சொன்ன குரு பாட்டை விடச் சொன்னாரா என்பதைக் கதை கண்டுகொள்வதில்லை.

*

விராலிமலை. திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு மயிலும் முருகனும் தெரியும். முருகனுக்கு இங்கே சுருட்டு நைவேத்தியம் உண்டு என்பதும் தெரியும். நான் படியேறியது வேறொரு கணக்கை மனத்தில் வைத்து.

இந்தப் படிகளில் தினமும் ஏறி இறங்கிப் பாடி ஆடிய பெண்கள் முப்பத்திரண்டு பேர் இருந்தார்களாம். அவர்களில் இளையவர் முத்துக்கண்ணம்மாள். ஏழு வயதில் பொட்டுக் கட்டப்பட்டவர். அப்பா ராமச்சந்திர நட்டுவனாரே குரு. மற்றவர்கள் போய்விட்டார்கள், இவர் மட்டும் சதிர் ஆட்டத்தை விடாமல் வைத்திருந்தார். 2022-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சதிரில் ஆடுகிறவரே பாடவும் வேண்டும். பாடிக்கொண்டே ஆட மூச்சு எங்கே மிச்சமிருக்கும் என்று நாம் மலைக்கலாம். மலையேறிப் பழகிய மூச்சு அது. விராலிமலைக் குறவஞ்சியும் அந்தக் குரலில்தான் தங்கியிருந்தது.

இதே புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய அம்மா சந்திரம்மாள் இசை வேளாளர் குடும்பம். பெண் என்பதற்காக மகாராஜா கல்லூரியில் எதிர்ப்பு வந்தபோது அரசர் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். பிறகு மருத்துவம், சட்டமன்றம், தேவதாசி ஒழிப்புக்கான நெடும் போராட்டம். 1947-ல் சென்னை மாகாணச் சட்டம் வந்தது.

ஒரே மண்ணில் இந்த இரண்டு பெண்களையும் வைத்துப் பார்க்கையில் மனசு ஓரிடத்தில் நிற்பதில்லை. முத்துலட்சுமி எதை எதிர்த்தார் என்பது அவருடைய அம்மாவின் வாழ்க்கையிலேயே இருந்தது. வெளியிலிருந்து வந்து தீர்ப்புச் சொன்னவரில்லை அவர். குழந்தைக்குப் பொட்டுக் கட்டுவதை யாரும் இன்று நியாயப்படுத்த முடியாது, நானும் மாட்டேன். ஆனால் கட்டு அறுந்தபோது ஆட்டம் மட்டும் பத்திரமாக வேறு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. 1930-களில் அதற்குப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது, அடையாறில் கலாக்ஷேத்ரா எழுந்தது, நல்ல குடும்பத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொடுத்த குடும்பங்களில் பல மேடைக்குக் கீழே நின்றுவிட்டன. இசையாலும் ஆட்டத்தாலும் வயிறு வளர்த்தவர்களுக்கு அதற்கு ஈடாக என்ன கொடுத்தோம்? ஒருவருக்கு, எண்பது வயதுக்கு மேல், ஒரு பத்மஸ்ரீ.

மலைமேல் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். மயில் அகவியது. அந்தக் குரலை இனிமை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

*

பி.யு. சின்னப்பா. புதுக்கோட்டை உலகநாத பிள்ளை சின்னப்பா. சிறுவயதில் பாய்ஸ் கம்பெனி, பிறகு சினிமா. 'உத்தமபுத்திரன்' (1940), 'ஆர்யமாலா' (1941), 'கண்ணகி' (1942). 1951-ல், முப்பத்தைந்து வயதில், சொந்த ஊரிலேயே இறந்துபோனார். சம்பாதித்ததையெல்லாம் புதுக்கோட்டையில் வீடாக வாங்கிக் குவித்தார் என்றும், இனி வாங்கக் கூடாது என்று அரசரே தடுத்தார் என்றும் ஊரில் ஒரு கதை இன்னும் நடமாடுகிறது. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம்.

'ஜகதலப்பிரதாபன்' (1944) படத்தில் ஒரு பாட்டு. ஐந்து சின்னப்பாக்கள். நடுவில் பாடுகிறவரும் அவர், சுற்றி உட்கார்ந்திருக்கும் பக்கவாத்தியக்காரர்களும் அவரே. அக்காலத்துக் கேமரா வித்தைக்காக இதைப் பேசுவார்கள். நான் பார்த்தது முகங்களை. பாடகராக இருக்கும்போது சின்னப்பா நட்சத்திரம். வாத்தியக்காரராக இருக்கும்போது தலையை ஆட்டுகிற விதமும், பாட்டுக்காரரை ஓரக்கண்ணால் பார்த்து அடுத்த சங்கதிக்குக் காத்திருக்கிற விதமும் இந்த ஊர்க்காரருக்குத்தான் வரும் என்று தோன்றியது. பக்கத்தில் உட்காருகிறவனின் உடம்பு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

*

இனி ராத்திரி நாடகம். இந்த மாவட்டத்தில் நேரடி இசை எங்கே இருக்கிறது என்று கேட்டால் என் பதில் இதுதான். பங்குனியில் தொடங்கி ஆடிக்கு மேலும், மாரியம்மனுக்கோ அய்யனாருக்கோ திருவிழா வைக்கிற ஊரில் ஒரு ராத்திரி 'வள்ளி திருமணம்' இருக்கும். சுவரொட்டியில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் படங்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஆர்மோனியப் பின்பாட்டு, மிருதங்கம், ஆல்ரவுண்டு.

நாடகம் எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவர் புதுக்கோட்டைக்கு வந்து மான்பூண்டியா பிள்ளையிடம் தாளம் கற்றார், பிள்ளை அவரைத் தன் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் கஞ்சிராவின் கணக்கு இரண்டு வழியாகப் பிரிந்து போயிருக்கிறது. ஒன்று சபாவுக்கு, இன்னொன்று அய்யனார் கோயில் பொட்டலுக்கு. முதல் வழியைப் பற்றி எத்தனையோ நூல்கள் இருக்கின்றன. இரண்டாவது வழி ராத்திரி பத்தரை மணிக்கு, டியூப் லைட்டைச் சுற்றும் ஈசல்களுக்கு நடுவில், மைக் செட்காரரின் "அலோ, அலோ"வோடு தொடங்குகிறது.

இதை ஸ்பெஷல் நாடகம் என்கிறார்கள். கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், வள்ளி ஓர் ஊர், மிருதங்கம் இன்னோர் ஊர். சங்கம் வழியாகத் தேதி பேசி, தனித்தனியாக வந்து, மேடையில்தான் சந்திக்கிறார்கள். யாருக்கு என்ன கட்டை, யார் எந்தப் பாட்டை எந்த ராகத்தில் எடுப்பார் என்பது ஆரம்பித்த பிறகுதான் தெரியும். தெரிந்தாக வேண்டியவர் ஆர்மோனியக்காரர். நடிகர் வாய் திறந்த மாத்திரத்தில் சுருதியைப் பிடித்து, அடியைப் பின்பாட்டாக வாங்கிப் பாடி, மறந்த வசனத்துக்கு இடம் கொடுத்து, பபூனின் நையாண்டிக்கு ஈடு கொடுத்து, விடியும்வரை எழுந்திருக்காமல் வாசிக்க வேண்டும். மைக் வராத காலத்தில் நடிகர்கள் ஐந்து கட்டையில் பாடிக் கடைசி வரிசைக் கிழவியின் காதுக்கும் கொண்டுபோனார்கள். இன்று ஸ்பீக்கர் அந்த வேலையைக் கொஞ்சம் அதிகமாகவே செய்கிறது.

நான் போன ஊரின் பெயர் வேண்டாம். சாக்கை விரித்து உட்கார்ந்தவர்களில் பெண்களும் பிள்ளைகளும்தான் முன்னால். பபூன் ஆடி முடித்தபோது பிள்ளைகள் பாதி தூங்கிவிட்டார்கள். நாரதர் வந்து வள்ளியோடு தர்க்கம் தொடங்கியது ஒன்றரைக்கோ என்னவோ. கேள்விக்குப் பதில், பதிலுக்குப் பாட்டு, பாட்டுக்கு எதிர்ப்பாட்டு. இடையில் ஒரு சினிமா மெட்டு வந்தது, யாரும் முகம் சுளிக்கவில்லை. ஊர்க்காரர் ஒருவர் நாரதருக்கு அன்பளிப்பு கொடுத்த சேதியை மைக்கில் சொல்ல, பாட்டு அப்படியே நின்றது. மிருதங்கக்காரர் அந்த இடைவெளியில் ஒன்றும் வாசிக்கவில்லை. பெயரைச் சொல்லி முடித்ததும் விட்ட அட்சரத்திலிருந்தே எடுத்தார். நான் விரலை மடித்து எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக இருந்தது.

அடுத்து நாரதர் ஒரு விருத்தத்தை இழுத்துக்கொண்டே போனார். தாளம் இல்லாத பாடல், மிருதங்கத்துக்கு வேலையில்லை. அவர் பக்கத்தில் இருந்தவரிடம் வெற்றிலை வாங்கிக்கொண்டார். கண் மட்டும் நாரதரின் வாயிலேயே இருந்தது. விருத்தம் முடிந்து பாட்டு விழுந்த நொடியில் கை விழுந்தது. எந்தத் தாளத்தில் வரும் என்று நடிகர் சொல்லவில்லை, ஜாடை காட்டவில்லை. விருத்தத்தின் கடைசி அடியை அவர் இறக்கிய விதத்திலிருந்து இவர் கண்டுபிடித்திருக்க வேண்டும். இதற்குக் கணக்கு மட்டும் போதாது. எதிரே இருப்பவர் மூச்சை வாங்குவதற்குள் அவர் எங்கே போகப்போகிறார் என்று தெரிய வேண்டும்.

முருகன் வேடனாக வந்து, கிழவனாகி, கல்யாணம் முடிகையில் கிழக்கே வெளுத்துவிட்டது. பெண்கள் மஞ்சள் கயிற்றுக்காக மேடைப் பக்கம் போனார்கள். டீக்கடையில் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் நின்றிருந்தார்கள். மிருதங்கக்காரரிடம், "அண்ணே, நீங்க யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"எங்க அப்பாகிட்ட. அவரு நாடகத்துக்குத்தான் வாசிச்சாரு."

"மான்பூண்டியா பிள்ளை…"

"தெரியும் தெரியும். சாமிக்கே தாளம் சொல்லிக் கொடுத்தவரு." சாமி என்றது சங்கரதாஸ் சுவாமிகளை. நாடகக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"கச்சேரிக்கு வாசிச்சதுண்டா?"

"கூப்புட்டா போவேன். யாரும் கூப்புடல." வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. டீயை ஆற்றிக் குடித்தார். "கச்சேரின்னா மூணு மணி நேரம். தூக்கம் வராத நேரம். என்ன பாடுவோம்னு முன்கூட்டியே முடிவு பண்ணிருவாங்க. இங்க வந்து நாரதருக்கு ஒரு விருத்தம் வாசிக்கச் சொல்லுங்க பாப்போம்."

"விருத்தத்துக்கு ஏதுண்ணே வாசிப்பு?"

"அதத்தான் சொல்றேன்" என்றார்.

ஆர்மோனியக்காரர் சிரித்தார். இருவருக்கும் அன்று இரவு வேறு வேறு ஊரில் நாடகம், ஒருவருக்கு அறந்தாங்கிப் பக்கம், இன்னொருவருக்கு பொன்னமராவதிப் பக்கம். கூட ஆடப்போகிறவர்கள் யார் என்று மிருதங்கக்காரரைக் கேட்டேன். ராஜபார்ட்டின் பெயர் தெரியும், ஸ்திரீபார்ட் யாரென்று போய்த்தான் பார்க்க வேண்டும் என்றார்.